கோடில் கை வைக்கவில்லை, பிழை எங்கிருந்து வந்தது?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் வாசகர் ஒருவரின் கேள்வி: "டைப்ஸ்கிரிப்ட் 4.3-இல் சுத்தமாக ஓடிய புரோஜெக்ட். லாக் ஃபைலை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்தேன். கேட்ச் வரும் இடமெல்லாம் சிவப்புக் கோடு. ஏன்?"

லாக் ஃபைலை, அதாவது எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு இன்ஸ்டால் ஆனது என்று பூட்டி வைக்கும் ஃபைலை, அழித்ததால்தான். பேக்கேஜ் ஃபைலில் ^4.3.5 என்றிருந்தால் 5-க்குக் கீழே உள்ள புதிய பதிப்பு எதுவும் வரலாம், 4.9.5 வந்திருக்கும். நடு எண் மாறினால் பழைய புரோகிராம் உடையாது என்ற வழக்கம், டைப் சோதனை சேர்த்த ஜாவாஸ்கிரிப்டான டைப்ஸ்கிரிப்டுக்குப் பொருந்தாது. அதில் ஸ்ட்ரிக்ட் என்பது பல சோதனைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே சுவிட்ச். புதிய பதிப்பில் புதுச் சோதனை அதற்குள் சேர்ந்தால், ஸ்ட்ரிக்ட் போட்டவர் எல்லாருக்கும் அது தானாக ஓடும்.

2021 ஆகஸ்ட்டில் வந்த 4.4 அப்படிச் சேர்த்ததுதான் கேட்ச் சோதனை. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. ஜாவாஸ்கிரிப்டில் பிழையை எறிவது த்ரோ, பிடிப்பது கேட்ச். த்ரோ எதை வேண்டுமானாலும் எறியும்: எரர் ஆப்ஜெக்ட், எண், வெறும் எழுத்துச்சரம். யாரோ "பணம் போதாது" என்ற சரத்தை எறிகிறார். நீங்கள் கேட்ச்சில் எரர்.மெசேஜ் எடுக்கிறீர்கள். சரத்துக்கு ஏது மெசேஜ்? வாடிக்கையாளர் திரையில் 'அன்டிஃபைன்ட்' என்று வரும். முன்பு கேட்ச் பிடிக்கும் மாறியின் டைப் எனி, எதைக் கேட்டாலும் தலையாட்டும். இப்போது அன்னோன். வாழையிலையில் மடித்த நாசி லெமாக் பொட்டலம் மாதிரி: பிரித்துப் பார்க்காமல் உள்ளே முட்டை இருக்கிறது என்று சொல்ல விடாது. பிரிப்பது இன்ஸ்டன்ஸ்ஆஃப் எரர் என்ற சோதனை. அது பொய்யானால் வந்ததைச் சரமாக மாற்றிக் காட்டுங்கள்.

பிழை வந்தால் லாக் ஃபைலை அழி என்று பரிகாரம் போல ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்த வேண்டும். எந்தப் பதிப்பில் ஓடியது என்பதற்கு இருக்கும் சாட்சியே அதுதான்.

பழைய மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் கருவியிலிருந்து பழைய லாக் ஃபைலை மீட்டு, அதில் உள்ளதை அப்படியே இன்ஸ்டால் செய்யும் என்பிஎம் சிஐ கட்டளையை ஓட்டுங்கள். ^ குறியை எடுத்து ~ போடுங்கள்; கடைசி எண் மட்டும்தான் நகரும். பிறகு தனிக் கிளையில் 4.4, 4.5 என்று ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொன்றிலும் நோஎமிட் (ஃபைல் எதுவும் உருவாக்காமல் சோதனை மட்டும்) போட்டுச் சரிபார்த்தால் எந்தப் பிழை எந்தப் பதிப்பால் வந்தது என்று தெரியும். கேட்ச் நூற்றுக்கணக்கில் இருந்தால் யூஸ்அன்னோன்இன்கேட்ச்வேரியபிள்ஸ் அமைப்பை மட்டும் ஃபால்ஸ் ஆக்கிவிட்டு, ஃபைல் ஃபைலாகத் திருத்துங்கள். ஸ்ட்ரிக்ட்டையே அணைத்தால் நல் (வெற்று மதிப்பு) சோதனையும் சேர்ந்து போய்விடும்.