எம்பி நிதில ஊருக்கு ஏதாச்சும் கேக்கணும்னா மொதல்ல எடத்தப் பாருங்க

எலெக்‌ஷன் முடிஞ்சு புது பார்லிமெண்ட் வந்துட்டாலே நம்ம கடற்கர ஊர்க்காரங்க எல்லாரும் எம்பிட்ட மனு குடுக்கக் கெளம்பிருவோம். குடுக்கத்தான் வேணும். ஆனா எம்பி நிதி, அதாவது தொகுதில வேல செய்யன்னு மத்திய அரசு ஒதுக்குற பணம், எப்படி வேல செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டுக் குடுத்தா அலைச்சல் மிச்சம்.

ஒரு எம்பிக்கு வருசத்துக்கு 5 கோடி. 1993ல ஆரம்பிச்சப்ப வெறும் 5 லட்சந்தான், 2011-12ல இருந்துதான் இந்த 5 கோடி. இந்தப் பணம் எம்பி கைக்கு வரவே வராது. இந்த ஊருக்கு இந்த வேலயச் செய்ங்கன்னு அவரு பரிந்துரை குடுப்பாரு, அதுக்கு சாங்ஷன் குடுத்து வேலய முடிக்க வைக்கிறது கலெக்டர் பொறுப்பு. 45 நாளைக்குள்ள சாங்ஷன் குடுக்கணும், இல்லாட்டி முடியாதுங்கிறதுக்கு காரணத்த எம்பிக்கு சொல்லணும், அதுதான் ரூல்.

5 கோடி கேக்கப் பெருசா இருக்கும், ஆனா நம்ம ராமநாதபுரம் தொகுதி அறந்தாங்கில இருந்து திருச்சுழி வரைக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதி சேந்தது, அதுலயும் 15 சதவீதம் எஸ்சி மக்கள் பகுதிக்கு, 7.5 சதவீதம் எஸ்டி மக்கள் பகுதிக்குன்னு சொல்லிருக்காங்க. அதனால பேப்பர் சரியா இருக்குற ஊருக்குத்தான் சீக்கிரம் நடக்கும்.

படகு, வலை, எஞ்சின்னு தனி ஆளுக்கு எதுவும் இதுல வாங்க முடியாது. ஊருக்குப் பொதுவா, நெலச்சு நிக்கிற மாதிரி கேக்கணும். தண்ணி டேங்கு, பள்ளிக்கூடத்துக்கு ரூமு, பஸ் ஸ்டாப்புல நிழற்குடை, இப்படி.

எங்க ஊர்ப் பொம்பளைங்க நெத்திலிய மணல்லயே காயப்போடுவாங்க, மணலு ஒட்டுன கருவாடுன்னா ஏவாரி பாத்த ஒடனே வெலையக் கொறப்பாரு, ஒரு மழத் தூத்தல் விழுந்தா அன்னைக்கிப் பொழப்பே போச்சு. அதுக்காக சிமெண்டுத் தளம் கேட்டோம். மொதல்ல காட்டுன எடம் கோயில் எடம், வழிபாட்டுத் தலத்து நெலத்துல இந்த நிதி போடக்கூடாது. ரெண்டாவது ஒருத்தரோட பட்டா, நெலம் வாங்கவும் இந்த நிதிய எடுக்கக்கூடாது. மூணாவது கரைய ஒட்டின பொறம்போக்கு, அங்க கடலோர ஒழுங்குமுறை விதி குறுக்க வந்துருச்சு. கடைசில பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி பஞ்சாயத்து எடம் ஒண்ணு இருந்தத காட்டுனப்பதான் மனு நகந்துச்சு. அதுக்குள்ள ரெண்டு சீசன் போயிருச்சு, அத நெனச்சா இன்னும் மனசு ஆறல.

அதனால மனு எழுதுறதுக்கு முன்னாடி விஏஓட்ட சர்வே நம்பரப் பாருங்க, எடம் யாருதுன்னு கேளுங்க, கிராமசபைல தீர்மானம் போட்டு அந்த காப்பியையும் சேத்து வைங்க, கட்டி முடிச்சப்பறம் பராமரிக்கிறது பஞ்சாயத்துதான்னும் அதுலயே எழுதிருங்க. எம்பி பரிந்துரை குடுத்த ஒடனே அந்த லெட்டர்ல ஒரு காப்பி வாங்கி வச்சுக்கங்க, அப்பறம் கலெக்டர் ஆபீஸ்ல ஊரக வளர்ச்சி முகமைல போயி நாள எண்ணிக் கேக்கலாம். பதில் வரலன்னா ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்க, பத்து ரூவாதான்.