மூத்தது பால்வாடிக்குப் போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது?

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் நல அலுவலராக இருக்கிறேன். லீவு கேட்டு ஒரு தாய் வந்து நின்றால் நான் முதலில் கேட்பது, "குழந்தையை யார் பார்த்துக்கிறாங்க?" என்பதுதான். குழந்தைக்குக் காய்ச்சல், மாமியார் ஊருக்குப் போய்விட்டார் என்றெல்லாம் வருஷம் முழுக்கச் சொல்வார்கள். ஜூன் மாதத்தில் மட்டும் வேறொரு பதில் வரும்: "பாத்துக்கிற அக்கா இனிமே முடியாதுன்னுட்டாங்க மேடம்."

அந்த அக்கா ஏன் முடியாது என்கிறார்? மூக்கண்டப்பள்ளியில் ஒருவர் என்னிடம் நோட்டைத் திறந்தே காட்டினார். வாடகை வீட்டின் முன்னறையில் 6 பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய். இரண்டு கைக்குழந்தைகள், மற்ற நான்கும் மூன்று, நான்கு வயது. பெரிய பிள்ளைகள் தானாகச் சாப்பிட்டுவிடும், ஒன்றோடொன்று விளையாடும். கைக்குழந்தைக்கோ நாள் முழுக்க ஒரு கை வேண்டும். ஆனால் இரண்டுக்கும் ஒரே கட்டணம்தான். பெரியவர்களிடம் வரும் காசுதான் சின்னவர்களைத் தாங்கியது. ஒரு ஜூனில் நான்கு பெரிய பிள்ளைகளும் பக்கத்துப் பள்ளி வளாகத்து பால்வாடியில், அதாவது அங்கன்வாடியில், நடக்கும் இலவச எல்.கே.ஜி.க்குப் போய்விட்டார்கள். 12,000 ரூபாய் 4,000 ஆனது. அக்கா ஹவுஸ்கீப்பிங் வேலைக்குக் கிளம்பிவிட்டார். கைக்குழந்தைகளில் ஒன்று அரூரில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போனது. இன்னொன்றின் தாய் வேலையை விட்டார்.

இலவச வகுப்பைக் குறை சொல்லவில்லை. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது, நர்சரி கட்டணத்துக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்த எங்கள் பெண்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்று பார்த்தவள் நான். 2022-இல் அந்த வகுப்புகளை நிறுத்தப் போவதாக அறிவிப்பு வந்து, எதிர்ப்பு கிளம்பி, பிறகு தொடரும் என்று ஆனது. அந்தச் சில நாட்கள் எங்கள் கேன்டீனில் வேறு பேச்சே இல்லை. மதியம் சூடாகச் சாப்பாடு, வாரத்தில் 3 நாள் முட்டை. இதை எந்த அக்காவால் 2,000 ரூபாய்க்குள் கொடுக்க முடியும்?

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. பால்வாடியில் சாப்பிட வைத்து, கொஞ்சம் தூங்க வைத்து, மூன்று மணி வாக்கில் அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஜெனரல் ஷிப்ட் முடிந்து பஸ் இறக்கிவிட ஆறரை ஆகும். செகண்ட் ஷிப்ட் என்றால் இரவு பத்துக்கு மேல். ஆக, "இலவசம் கிடைத்துவிட்டது, அக்கா வேண்டாம்" என்று முடிவு செய்கிறவர்கள் ஒரே வாரத்தில் என் மேஜைக்கு வந்துவிடுவார்கள்.

நியூயார்க் நகரத்திலும் 2014-இல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பைப் பெரிதாக விரித்தபோது இதே கணக்கு எழுந்தது. பெரியவர்கள் வெளியேற, இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான இடம் குறைந்தது.

அதனால் நான் சொல்வது இதுதான்: பிள்ளையை பால்வாடியில் சேர்க்கும் முன்பே, ஏப்ரலிலேயே, அக்காவிடம் பேசிவிடுங்கள். மதியத்துக்கு மேல் மட்டும் பார்த்துக்கொள்ள எவ்வளவு, மே மாதம் பால்வாடி லீவு விடும் நாட்களுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பாதி நேரம்தானே என்று பாதிக் காசு கொடுக்காதீர்கள். நடந்து போய்க் கூட்டி வருவதும் வேலைதான். கைக்குழந்தைக்குக் கூடுதலாகக் கேட்டால் பேராசை என்று நினைக்காதீர்கள், அந்த நோட்டை நினைத்துப் பாருங்கள். யார் வந்து கூட்டிப் போவார்கள் என்பதை அங்கன்வாடி டீச்சரிடம் எழுதிக் கொடுத்து, அக்காவை ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை குழந்தைக்கு அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் பலர், சொந்த ஊரில்தான் பதிய வேண்டும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். குடியிருக்கும் இடத்திலேயே பதியலாம். அந்தப் பாக்கெட்டை வீட்டில் வைத்துப் பூச்சி பிடிக்க விடாமல் அக்காவிடம் கொடுங்கள்.

கம்பெனிக்கும் பங்கு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் 4 முறை போய்ப் பார்க்கலாம் என்ற விதி மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது. எங்கள் காப்பகத்துக்காக நான் எத்தனை கடிதம் எழுதினேன் என்பது தனிக் கதை. அது வந்த பிறகும் பலர் அக்காவையே தேடுகிறார்கள். காலை கம்பெனி பஸ்ஸில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்று வர முடியாது என்பது ஒரு காரணம். மொழி இன்னொன்று. ஓசூர்க் குழந்தை ஒன்று தெலுங்கில் 'நீள்ளு' என்று அழும், ஒன்று கன்னடத்தில் 'நீரு' என்று அழும். இரண்டுக்கும் தண்ணீர் டம்ளரை நீட்டத் தெரிந்தவர் அந்த அக்கா.

சின்ன எலசகிரியில் ஒருவர் இப்போது மாற்றிக்கொண்டுவிட்டார். காலையில் மூன்று கைக்குழந்தைகள் மட்டும், கட்டணம் கூடுதல். மூன்று மணிக்குத் தன் அம்மாவை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, பால்வாடியிலிருந்து ஐந்து பிள்ளைகளைக் கூட்டி வருகிறார். வந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் ராகிக் கூழ். இந்த ஜூனில் அவரிடம் பிள்ளை விடும் யாரும் என்னிடம் லீவு கேட்டு வரவில்லை.