உட்கீறலா, உள்விரிசலா?

சென்ற மாதம் புதுச்சேரியில் கட்டுமானப் பயிற்சி வகுப்பு ஒன்றில் தமிழ்க் கையேடு கொடுத்தார்கள். 'சுமையின் கீழ் சிமெண்ட் பொருட்களின் உட்கீறல் வளர்ச்சியை அளத்தல்' என்று ஒரு பாடம். கான்கிரீட்டுக்கு உள்ளே விழும் 'கிராக்'கைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். இந்த உட்கீறலை நான் அச்சில் பார்ப்பது நான்காவது முறை.

முள் கீறும், நகம் கீறும், பூனை கீறும். கீறுவதற்கு வெளியிலிருந்து ஒன்று வர வேண்டும். அது படுவதும் மேல்தோலில்தான். கான்கிரீட்டின் வயிற்றுக்குள் எந்தப் பூனை புகுந்தது? கீறல் விட்ட பானை என்கிறோமே என்பீர்கள். பானையில் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே கோடு தெரியாத கட்டத்தைப் பற்றித்தான் பேச்சே. 28 நாள் ஆன 15 செ.மீ. கான்கிரீட் கனசதுரத்தை அழுத்தினால், உடையும் சுமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலேயே ஜல்லியும் கலவையும் ஒட்டிய இடங்கள் விட்டுக்கொடுக்கத் தொடங்கும். முக்கால் பங்கை நெருங்கும்போது அங்கே விட்ட இடைவெளிகள் கலவைக்குள் ஓடி ஒன்றோடொன்று சேரும். மேலே முகம் வழவழப்பாகவே இருக்கும். பக்கத்தில் ஒட்டிய உணரியில் ஒலியைப் பிடித்தோ, எக்ஸ் கதிரில் அடுக்கடுக்காகப் படமெடுத்தோதான் உள்ளே நடப்பதை அறியலாம். அடியில் வெட்டு வைத்த சிறு உத்திரத்தை வளைக்கும் சோதனையில் அளப்பது, அந்த வெட்டின் வாய் எவ்வளவு திறந்தது என்பதை. அப்படித் திறப்பது விரிதல். விரிந்தால் விரிசல். சொற்பிறப்பு இவ்வளவுதான்.

ஆங்கிலத்துக் கிராக் ஓசையில் பிறந்த சொல். இங்கே ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் ஃபிஸ்ஸூர், பிளத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அப்படியானால் பிளவு எனலாமே? 'கற்பிளவோடு ஒப்பர் கயவர்' என்கிறது மூதுரை. அந்தக் கல் இரண்டாகிவிட்டது, இனி ஒட்டாது. நம் கான்கிரீட்டோ இன்னும் சுமை தாங்கி நிற்கிறது. கொத்தனார் வெடிப்பு என்பார். வயலுக்கும் குதிகாலுக்கும் பொருந்தும் நல்ல சொல்தான். ஆனால் 'பாலத்தில் உள்வெடிப்பு' என்று அச்சிட்டால் முதலில் வருவது போலீஸ்.

கீறலையாவது மன்னிக்கலாம், 'சுமையின் கீழ்' என்பதை என்ன செய்வது? சுமைக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறதா? 'சுமை ஏற்றும்போது' என்று எழுதினால் கை வலிக்குமா? அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் அடுக்குகிறவர்கள், சாரத்தின் மேல் நிற்கும் ஒருவரிடம் வாசித்துக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும். வகுப்பில் என் பக்கத்தில் இருந்த மேற்பார்வையாளர் தலைப்பை இரண்டு முறை படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "பூச்சு வேலைப் பாடமா, சார்?"