கோவைக்கொடியின் இரட்டை முறுக்கு

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தோட்டத்தின் மேற்கு ஓரம் கல்லுக்கால் நட்டுக் கம்பி வலை அடித்திருக்கிறேன். வெயிலை மறைக்கிற மாதிரி அதைப் பச்சைச் சுவராக்க வேண்டும். என்ன கொடி வைக்கலாம்? அடர்ந்தால் பாம்பு வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்."

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது வேலூரில் ஒரு செய்தியே இல்லை. இலைச்சுவர் நிழல் தருவதோடு நிற்காது. பள்ளியில் படித்த நீராவிப்போக்குதான்: இலை வழியே ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் செலவாகும். கரண்ட் கணக்கில் ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. சரி, கொடிக்கு வருவோம்.

நர்சரியில் நாம் பூவைப் பார்த்து வாங்குகிறோம். பார்க்க வேண்டியது கொடி எப்படி ஏறுகிறது என்பதை. சங்குப்பூவும் அவரையும் தண்டாலேயே சுற்றி ஏறும். நெட்டுக்குத்தாக ஒரு கயிறு இருந்தால் போதும். காகிதப்பூ தானாக ஏறாது, நாம்தான் இழுத்துக் கட்ட வேண்டும். மணி பிளான்ட் மேற்கு வெயிலில் கருகிவிடும். கம்பி வலைக்கு ஏற்றவை பற்றுக்கம்பி (பிடித்து ஏறத் தண்டிலிருந்து நீளும் பச்சை இழை) உள்ள கொடிகள்: கோவை, பிரண்டை, முடக்கத்தான். என் ஓட்டு கோவைக்கு. காய்க்காக மட்டும் இல்லை.

கோவையின் இளம் பற்றுக்கம்பியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நூல் மாதிரி நீண்டு, காற்றில் மெல்ல வட்டமிட்டுத் தேடும். கம்பி தட்டுப்பட்டதும் நுனி வளைந்து சுற்றிக்கொள்ளும். மழைத்துளி பட்டால் இதெல்லாம் நடக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியத் தாவரவியலாளர் பெஃபர், ஜெலட்டின் பூசிய வழவழப்பான கோலால் பற்றுக்கம்பிகளைத் தொட்டுப் பார்த்தார். அவை அசையவில்லை. சொரசொரப்பாக ஏதாவது உரசினால்தான் அவற்றுக்கு உறைக்கும்.

உண்மையான வேடிக்கை அதற்குப் பிறகுதான். நுனி வலையில் மாட்டிக்கொண்டது, அடி தண்டோடு இருக்கிறது. இப்போது இடைப்பகுதி சுருளத் தொடங்குகிறது. ஆனால் இரண்டு முனையும் கட்டுண்டிருக்கும் ஒன்று, ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டே போக முடியாது. அதனால் பாதி வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் சுருள்கிறது, கணக்கு நேராகிவிடும். இரண்டு சுருளுக்கும் நடுவே ஒரு சின்ன நேர்த்துண்டு. பழைய டெலிபோன் வயரில் இதே மாதிரி ஒரு திருகல் விழுமே, அதுதான். இந்தச் சுருக்கத்தில் தண்டு வேலியை நோக்கி இழுபடுகிறது.

சுருள வைப்பது எது? 2012-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெள்ளரியின் பற்றுக்கம்பியைப் பிரித்துப் பார்த்தார்கள். கோவையும் வெள்ளரியும் ஒரே குடும்பம். உள்ளே நார்செல்களால் ஆன ஒரு நாடா, அதில் இரண்டு அடுக்கு. ஓர் அடுக்கு லிக்னின் (மரத்துக்கு விறைப்புத் தரும் பொருள்) ஏறி, நீரை இழந்து அதிகமாகச் சுருங்குகிறது. மற்றது அவ்வளவு சுருங்குவதில்லை. நாடா வளையாமல் என்ன செய்யும்! முதிர்ந்த பற்றுக்கம்பியை இழுத்தால் சுருள் பிரியும் என்றுதான் யாரும் நினைப்போம். அவர்கள் இழுத்தபோது முதலில் இன்னும் சில சுற்று கூடியது. லேசான காற்றுக்கு நெகிழ்ந்து கொடுக்கும், பலமாக இழுத்தால் விறைத்துக்கொள்ளும்.

டார்வின் இதைப் பார்க்கவே, பலத்த காற்று அடிக்கும் நேரத்தில் வேலியில் படர்ந்த பிரையோனிக் கொடியைத் தேடிப் போயிருக்கிறார். அதுவும் கோவையின் சொந்தம்தான். இன்று நம் ஊரில் ஒருவர் பற்றுக்கம்பியை ஆராயப் பணம் கேட்டால், "மகசூல் எவ்வளவு கூடும்?" என்றுதான் முதல் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. வேடிக்கை பார்க்கவும் கொஞ்சம் நிதி ஒதுக்கினால் குறைந்தா போய்விடுவோம்?

நடும் காலம் ஆடி. தென்மேற்குப் பருவத்தின் மாலை மழை வேலூருக்குக் கிடைக்கும். அடுத்த கத்திரிக்குள் வலை மூடிவிடும். விதை வேண்டாம், கோவையில் ஆண்கொடி, பெண்கொடி தனித்தனி. காய்க்கிற கொடியின் தண்டை வெட்டி நடுங்கள். கோடையில் இலை உதிர்ந்தாலும் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். அந்த இடைவெளிக்கு நடுநடுவே பிரண்டை வையுங்கள்: பச்சைத் தண்டே ஒளிச்சேர்க்கை செய்யும், இலைத்துளைகளை இரவில் திறந்து தண்ணீரை மிச்சம் பிடிக்கும். பரவ விட்டால் கோவை பக்கத்து மரத்தையும் மூடிவிடும், அவ்வப்போது கத்தரிக்க வேண்டும்.

அப்புறம், பாம்பு. மல்லிகை வாசனைக்குப் பாம்பு வரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பூ வாசனையை வைத்துக்கொண்டு பாம்பு என்ன செய்யப் போகிறது? அது வருவது எலிக்கும் தவளைக்கும், ஒளிய இடம் இருந்தால் தங்கும். தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குக் கொடியைக் கழித்துவிடுங்கள். விழுந்த பழங்களைக் கூட்டி எடுங்கள். வேலியோரம் செங்கல், விறகு அடுக்க வேண்டாம். இருட்டியபின் அந்தப் பக்கம் போனால் கையில் டார்ச் இருக்கட்டும்.