வைரல் ஆகாமலே வளரும் வலைப்பின்னல்

ஒரு பதிவைப் பார்க்கும் ஒவ்வொருவரும் சராசரியாக எத்தனை புதிய ஆட்களிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்? சமூக ஊடகம் வழியாக எதையாவது விற்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஃபாலோயர் எண்ணிக்கை அதற்குப் பின்னால்தான் வருகிறது.

தொற்றுநோய் ஆய்வாளர்கள் இதே கணக்கை நோய்க்குப் போடுகிறார்கள். கோவிட் காலத்தில் செய்திகளில் அடிக்கடி அடிபட்ட 'ஆர்' எண் அதுதான். பதிவுக்கு அந்த எண்ணை இரண்டு காரணிகளைப் பெருக்கிப் பெறலாம். பார்ப்பவர் பகிர்வதற்கான வாய்ப்பு ஒன்று, ஒருவர் பகிர்ந்தால் அதைப் புதிதாகப் பார்க்கப்போகிறவர்களின் எண்ணிக்கை இன்னொன்று. நூறு பேரில் ஒருவர் பகிர்கிறார், அந்த ஒருவர் மூலம் புதிதாக 60 பேர் பார்க்கிறார்கள் என்றால், ஆர் 0.6.

ஆர் 1-ஐத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிடப் பெரிதாகும். பார்க்க ஆள் தீரும்வரை பரவும். எல்லாரும் கனவு காணும் 'வைரல்' அந்த நிலைதான். 1-க்குக் கீழே இருந்தால் சுற்றுக்குச் சுற்று தேய்ந்து நின்றுவிடும். இதைக் கேட்டதும் பலர் 1-க்குக் கீழே என்றால் தோல்வி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆர் 0.5 என்று வைத்துக்கொள்வோம். முதலில் 100 பேர் பார்க்கிறார்கள், அடுத்து 50, பிறகு 25, அப்புறம் பன்னிரண்டு பதின்மூன்று பேர். எல்லாவற்றையும் கூட்டினால் 200. விதைத்தது 100, கிடைத்தது இரண்டு மடங்கு. ஆர் 0.8 என்றால் அதே நூறு 500 ஆகிறது. 0.9 என்றால் 1,000. அதாவது 0.8-லிருந்து 0.9-க்கு நகர்த்தும் சின்ன முன்னேற்றம், சென்றடையும் மொத்த ஆட்களை இரட்டிப்பாக்கிவிடுகிறது. 1-ஐ நெருங்க நெருங்க ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

வலைப்பின்னல் ஆய்வாளர் டங்கன் வாட்ஸும், பஸ்ஃபீட் என்ற இணைய ஊடகத்தின் நிறுவனர் ஜோனா பெரெட்டியும் 2007-ல் இதைத்தான் வலியுறுத்தினார்கள். நான்கைந்து பேரிடம் கொடுத்துவிட்டு அது உலகமெல்லாம் பரவும் என்று காத்திருக்காதீர்கள். விளம்பரம் மூலமோ வேறு வழியிலோ நிறையப் பேரிடம் முதலில் கொண்டுபோங்கள். பகிர்வதற்கான வழியையும் கூடவே எளிதாக்குங்கள். ஆர் 1-ஐத் தொடாவிட்டாலும், விளம்பரத்துக்குச் செலவழித்த பணம் தனியாகச் செய்வதைவிட அதிகம் செய்யும். சிறு வியாபாரம் செய்பவர்களுக்கு இதைவிட ஆறுதலான கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை. வைரல் ஆவது யார் கையிலும் இல்லை. 0.3-ஐ 0.5 ஆக்குவது உழைப்பால் நடக்கக்கூடியது.

உங்கள் சமூக ஊடகக் கணக்கின் ஆர் எண்ணை நீங்களே தோராயமாகக் கண்டுபிடிக்கலாம். ஒரு பதிவை மொத்தம் 1,000 பேர் பார்த்தார்கள். அதில் 400 பேர் நேரடியாக ஃபாலோயராகவோ விளம்பரம் மூலமாகவோ வந்தவர்கள், மீதி 600 பேர் பிறர் பகிர்ந்ததால் வந்தவர்கள் என்றால் ஆர் ஏறத்தாழ 0.6. பெரும்பாலான தளங்கள், பார்த்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று பிரித்துக் காட்டுகின்றன. ஒரு பதிவை வைத்து முடிவெடுக்க வேண்டாம், பத்துப் பதினைந்து பதிவுகளின் சராசரியை எடுங்கள்.

இந்த எண்ணை மிக அழகாக உயர்த்திய பழைய உதாரணம் ஹாட்மெயில். 1996 ஜூலையில் தொடங்கிய அந்தச் சேவை, பயனர் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும், நீங்களும் இலவசக் கணக்கு தொடங்கலாம் என்று ஒரு வரியைச் சேர்த்தது. பயனர் எதையும் பகிர முடிவெடுக்கவே வேண்டியதில்லை. வழக்கமாகக் கடிதம் எழுதினாலே விளம்பரமும் கூடப் போனது. சுமார் ஒன்றரை ஆண்டில் 1.2 கோடி கணக்குகள். இணையத்தில் கோப்புகளைச் சேமிக்க இடம் தரும் டிராப்பாக்ஸ் வேறு வழியில் போனது: அழைத்தவருக்கும் அழைக்கப்பட்டவருக்கும் கூடுதல் சேமிப்பிடம். 2008 செப்டம்பரில் ஒரு லட்சமாக இருந்த பயனர்கள் 2010 ஜனவரியில் 40 லட்சம் ஆனார்கள். இரண்டிலும் பகிர்வு பொருளுக்கு உள்ளேயே இருந்தது. 'பிடித்திருந்தால் ஷேர் பண்ணுங்க' என்று கெஞ்சுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள்.

பொதுவாகப் பதிவுகள் எவ்வளவு தூரம் பயணிக்கின்றன? 2012-ல் ஷரத் கோயல், வாட்ஸ், டேனியல் கோல்ட்ஸ்டீன் ஆகியோர் ஏழு வெவ்வேறு இணையச் சூழல்களில் பரவலை ஆராய்ந்தார்கள். பெரும்பாலான பரவல்கள் மிகச் சிறியவை, தொடங்கியவரிடமிருந்து ஒரு கைமாற்றத்திலேயே முடிந்துவிட்டன. நான்கு ஆண்டுகள் கழித்து கோயலும் சகாக்களும் ட்விட்டரில் நூறு கோடி அளவிலான பரவல்களை ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மிகப் பெரிதாகப் பரவியவற்றில்கூட, பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய கணக்கு தன் ஃபாலோயர்கள் அனைவருக்கும் ஒருமுறை ஒலிபரப்பியதுதான் காரணம். கைமாறிக் கைமாறிப் பரவியது குறைவு.

அப்படியானால் பெரிய இன்ஃப்ளூயன்சரிடம் பணம் கொடுத்துவிட வேண்டியதுதானா? 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 16 லட்சம் ட்விட்டர் பயனர்கள் தொடங்கிவைத்த 7.4 கோடி பரவல்களை எடுத்துப் பார்த்தது. நிறைய ஃபாலோயர்கள் உள்ளவர்களும், முன்பு பெரிதாகப் பரப்பியவர்களும் சராசரியில் முன்னே நின்றார்கள். ஆனால் இந்த நபர், இந்தப் பதிவு, இவ்வளவு பரவும் என்று முன்கூட்டிச் சொல்வது மிகவும் நம்பகமற்றதாக இருந்தது. செலவையும் கணக்கில் எடுத்தபோது, பல சூழ்நிலைகளில் சாதாரண செல்வாக்குள்ள பலரை நாடுவதே லாபகரமாக இருந்தது.

அந்தப் பலரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இணையத்துக்கு வெளியே நடந்த ஒரு சோதனை வழிகாட்டுகிறது. 1991-ல் ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டினார்: சராசரியாக, உங்கள் நண்பர்களுக்கு உங்களைவிட அதிக நண்பர்கள். நிறையத் தொடர்பு உள்ளவர் பலருடைய பட்டியலிலும் இடம்பெறுவார் என்பதால் வரும் கணித விளைவு இது. ஹோண்டுராஸின் 32 கிராமங்களில் இதைப் பயன்படுத்தி ஊட்டச்சத்து மாத்திரையை அறிமுகப்படுத்திப் பார்த்தார்கள். முடிவு 2015-ல் வெளியானது. சில கிராமங்களில், பரப்பத் தொடங்கும் விதையாகக் கண்ணை மூடிக்கொண்டு ஆட்களை எடுத்தார்கள். சிலவற்றில் அதிகத் தொடர்புள்ளவர்களை எடுத்தார்கள். மற்றவற்றில், குருட்டாம்போக்கில் ஒருவரைப் பிடித்து, அவர் பெயர் சொன்ன நண்பரை எடுத்தார்கள். நண்பர் முறையில், விதையானவர்கள் பிறருக்குக் கொடுத்த மாத்திரைக் கூப்பன்கள் சுமார் 74 சதவீதம் பயன்படுத்தப்பட்டன. கண்மூடித் தேர்வில் சுமார் 62 சதவீதம். 'அதிகத் தொடர்புள்ளவர்' முறைகூட நண்பர் முறையை எட்டவில்லை. இணையத்தில் இதைச் செய்ய எந்த மென்பொருளும் தேவையில்லை. வாடிக்கையாளரிடம், "இந்த விஷயத்தில் நீங்கள் யாருடைய பேச்சைக் கேட்பீர்கள்?" என்று கேட்டால் போதும். சொல்லப்படும் பெயர்கள் உங்கள் ஃபாலோயர் பட்டியலின் உச்சியில் இருப்பவர்களாக இருக்க வாய்ப்பு குறைவு.

இனி, வலைப்பின்னலின் வடிவம். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக நுட்பமான பகுதி இதுதான், பெரும்பாலான மார்க்கெட்டிங் ஆலோசனைகள் தவறவிடுவதும் இதைத்தான்.

1973-ல் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தகவலைக் கொடுத்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று விசாரித்தார். அடிக்கடி சந்திக்கும் நெருக்கமானவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்கள் எப்போதாவது, அல்லது அரிதாகச் சந்திக்கும் அறிமுகங்கள். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். புதிய செய்தி தூரத்து அறிமுகம் வழியாகத்தான் வரும். இதை ஆர் கணக்கில் வைத்துப் பாருங்கள். உங்கள் ஃபாலோயர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் என்றால், ஒருவர் பகிரும்போது 'புதிதாக' பார்ப்பவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். செய்தி ஒரே வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். வெவ்வேறு வட்டங்களைத் தொடும் அறிமுகங்கள் செய்தியை வெளியே கொண்டுபோகும் பாலங்கள்.

ஆனால் செய்தி தெரிவது வேறு, பணத்தை எடுத்து வைப்பது வேறு. சமூகவியலாளர் டேமன் சென்டோலா 2010-ல் வெளியிட்ட சோதனை இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. 1,528 பேர். ஒவ்வொருவருக்கும் இணையத்தில் அதே எண்ணிக்கையில் 'நண்பர்கள்'. ஒரு வகை வலைப்பின்னலில் அந்த நண்பர்கள் தங்களுக்குள்ளும் நண்பர்களாக இருந்தார்கள், கொத்துக்கொத்தாக. இன்னொன்றில் இணைப்புகள் குலுக்கிப் போட்டதுபோல் எங்கெங்கோ போயின. ஓர் உடல்நலத் தளத்தில் சேரும் பழக்கம் எதில் அதிகம் பரவும்? தூரத்து இணைப்புகள் நிறைந்த இரண்டாவது வகையில் என்றுதான் தோன்றும். நடந்தது நேர்மாறு. கொத்தான வலைப்பின்னலில் சுமார் 54 சதவீதம் பேர் சேர்ந்தார்கள், மற்றதில் சுமார் 38 சதவீதம். வேகமும் முன்னதில்தான் அதிகம். காரணம், ஒரே ஒரு நண்பர் சேர்ந்ததைப் பார்த்து மனிதர்கள் முடிவெடுப்பதில்லை. இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்துவிட்டார்கள் என்று தெரியும்போதுதான் தயக்கம் உடைகிறது. கொத்தான வட்டத்தில் அந்த இரண்டாவது, மூன்றாவது சாட்சி தானாகக் கிடைக்கும்.

ஆகவே விற்பனைக்காக வலைப்பின்னல் வளர்ப்பவருக்கு இரண்டும் வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. தெரியப்படுத்தும் கட்டத்தில் பாலங்கள். வாங்கவைக்கும் கட்டத்தில் கொத்து. பத்து வெவ்வேறு வட்டங்களில் தலா ஒரு வாடிக்கையாளர் இருந்தால், பத்து இடங்களிலும் ஒரே ஒரு சாட்சிதான். ஒரே வட்டத்தில் பத்துப் பேர் என்றால் அந்த வட்டமே சாய்ந்துவிடும். விலை அதிகமான, நம்பிக்கை தேவைப்படும் பொருள் என்றால் ஒரு வட்டத்தை நிறைத்துவிட்டு அடுத்ததற்குப் போவதே நல்லது. சாதாரணச் சலுகை அறிவிப்புக்கு அது தேவையில்லை.

இதற்கெல்லாம் நடுவில் இன்று, யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவெடுக்கும் அல்காரிதம் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் போடும் பதிவு உங்கள் ஃபாலோயர்கள் எல்லாருக்கும் போவதில்லை. 2023 மார்ச்சில் ட்விட்டர் தன் பரிந்துரை நிரலின் பெரும்பகுதியை வெளியிட்டபோது உள்ளே நடப்பது கொஞ்சம் தெரியவந்தது. கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து ஒரு பயனருக்கு சுமார் 1,500-ஐ அந்த நிரல் முதலில் பொறுக்கியது. அதில் சராசரியாகப் பாதி, அவர் பின்தொடராத கணக்குகளிலிருந்து. பிறகு ஒவ்வொன்றுக்கும், இவர் இதை லைக் செய்வாரா, பதில் எழுதுவாரா, புகார் செய்வாரா என்று வாய்ப்பைக் கணித்து, அதை ஓர் எடையால் பெருக்கிக் கூட்டியது. அப்போது வெளியான எடைகள்: லைக்குக்கு 0.5, மறுபகிர்வுக்கு 1, பதிலுக்கு 13.5. அந்தப் பதிலுக்குப் பதிவு போட்டவரே திரும்ப ஈடுகொடுத்தால் 75. புகாருக்குக் கழித்தல் 369.

எண்கள் காலத்துக்குக் காலம், தளத்துக்குத் தளம் மாறும். விகிதம்தான் கவனிக்க வேண்டியது. உரையாடலாக மாறும் ஒரு கமென்ட், ஒரு லைக்கைவிட 150 மடங்கு எடை பெற்றது. கமென்ட்டுகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதுவதை நேர விரயம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தை மறுபடி படிக்க வேண்டும். ஃபாலோயரைக் காசு கொடுத்து வாங்குவது ஏன் வேலையைக் கெடுக்கிறது என்பதும் இங்கேயே தெரிகிறது. போலிக் கணக்குகள் பேசுவதில்லை, படிப்பதில்லை. பதிவு அவற்றின் முன் வைக்கப்பட்டால் எந்த எதிர்வினையும் வராது. இந்தக் கணக்கின் பதிவுகளை யாரும் விரும்புவதில்லை என்று இயந்திரம் கற்றுக்கொள்ள அது போதும், உண்மையான ஃபாலோயர்களுக்கும் காட்டுவது குறையும். அமெரிக்காவில் இது சட்டச் சிக்கலும்கூட. வணிக நோக்கத்துக்காகப் போலி ஃபாலோயர்களைத் தெரிந்தே விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதியை அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024-ல் கொண்டுவந்தது.

கடைசியாக, தற்செயல். 1999-ல் பராபசி, ஆல்பர்ட் என்ற இரு இயற்பியலாளர்கள், வளரும் வலைப்பின்னலில் புதிதாக வருபவர்கள் ஏற்கெனவே அதிக இணைப்பு உள்ளவர்களையே தேடி இணைகிறார்கள் என்று வைத்தால், சிலர் மட்டும் பிரம்மாண்டமாக வளர்வார்கள் என்று காட்டினார்கள். அந்தச் சிலர் யார் என்பதைத் தரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. 2006-ல் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 14,341 பேரிடம் யாரும் கேட்டறியாத 48 பாடல்களைக் கொடுத்து, அவர்களில் ஒரு பகுதியினரை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எட்டு 'உலகங்களாக' பிரித்தார்கள். ஒவ்வோர் உலகத்திலும், முன்பு வந்தவர்கள் எதை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்பது தெரியும். வென்ற பாடல்கள் உலகத்துக்கு உலகம் மாறின. மிக நல்ல பாடல் அரிதாகவே படுதோல்வி கண்டது, மிக மோசமானது அரிதாகவே வென்றது. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடந்தது. முதல் சில பதிவிறக்கங்கள் எந்தப் பக்கம் விழுந்தன என்பதே அடுத்து வந்தவர்களின் கண்ணைத் திருப்பியது.

இதனால்தான் மாதம் முழுவதும் செதுக்கிய ஒரே காணொளியில் விளம்பரப் பணம் அனைத்தையும் கொட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஓரளவு நல்ல ஐந்தாறு வடிவங்களைச் சிறு செலவில் வெளியே விடுங்கள். முதல் ஓரிரு நாளில், பார்த்தவர்களில் எத்தனை பேர் பகிர்ந்தார்கள், அந்தப் பகிர்வு எத்தனை புதியவர்களைக் கொண்டுவந்தது என்று பாருங்கள். லைக் எண்ணிக்கை அந்தக் கட்டத்தில் அதிகம் சொல்லாது. எந்த வடிவத்தில் பகிர்வு வழி வந்தவர்கள் அதிகமோ, மீதிப் பணத்தை அதன் பின்னால் மட்டும் வையுங்கள். மற்றவற்றை விட்டுவிடுங்கள், எவ்வளவு ஆசையாகச் செய்திருந்தாலும்.