ஊசி போட்டதும் அரிப்பு நின்றால் நோய் தெரிந்துவிட்டதா?

டாக்டர் சொன்ன நோய் சரிதானா என்று சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. குதிரைத் தோல் விஷயத்தில் சந்தேகம் வந்தாக வேண்டும் என்றுகூடச் சொல்வேன். உள்ளே என்ன கோளாறாக இருந்தாலும் வெளியே தெரிவது முடி கொட்டுவது, பொருக்கு, அரிப்பு, கட்டி, புண், அவ்வளவுதான். இதை வைத்து வெறும் கண்ணால் பார்த்தே பேர் சொல்லிவிட கால்நடை டாக்டர்களான எங்களாலும் எப்போதும் முடியாது. ஆனால் சந்தேகம் வந்ததும் நம்மவர்கள் போகிற வழி இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

போன வாரம் வந்த குதிரையைச் சொல்கிறேன். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட் இழுக்கும் பெண் குதிரை. வாலின் அடிப்பக்கம் முடியெல்லாம் தேய்ந்துபோய், தோல் தடித்து மடிப்பு மடிப்பாக நிற்கிறது. பிடரியிலும் அங்கங்கே மொட்டை. முதலில் பார்த்த டாக்டர் பூச்சிக்கடி ஒவ்வாமை என்று சொல்லி, சாயங்காலமானால் உள்ளே கட்டு, வலை போடு, ஃபேன் வை என்றிருக்கிறார். மருந்தே எழுதாமல் ஃபேன் வைக்கச் சொல்கிறாரே, இவர் என்ன டாக்டர் என்று உரிமையாளருக்குக் கோபம். மருந்துக்கடையில் ‘படை’ என்று சொல்லி ஒரு களிம்பு. அதுவும் கேட்காததால் யாரோ ஒருவரைக் கூப்பிட்டு ஒரு ஊசி. மறுநாளே அரிப்பு நின்றது. “பார்த்தீங்களா டாக்டர், அவருக்கு ஒண்ணும் தெரியல, ஊசி போட்டவர்தான் கண்டுபிடிச்சார்” என்கிறார் என்னிடம். கண்டுபிடித்திருந்தால் குதிரை எதற்கு இங்கே நிற்கிறது?

அந்த ஊசி டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு. இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை, அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டுக்கு எந்த நோய் என்று பார்க்கத் தெரியாது. பூச்சிக்கடியால் அரித்தாலும் அடக்கும், பேனால் அரித்தாலும் அடக்கும், சொறிப்பூச்சியால் அரித்தாலும் ஓரளவு அடக்கும். படையாகவே இருந்தாலும் நாலு நாள் சிவப்பும் வீக்கமும் வாடி ‘ஆறிவிட்டது’ போலக் காட்டும், அந்த நாலு நாளில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். ஆக, ஊசிக்கு அரிப்பு நின்றது என்பதிலிருந்து அரிப்பு எதனால் வந்தது என்று தெரிந்துகொள்ள எதுவுமே இல்லை. முதல் டாக்டர் சொன்னது தப்பு என்பதற்கும் அது சாட்சி இல்லை, இரண்டாமவர் சொன்னது சரி என்பதற்கும் சாட்சி இல்லை. கடைக்காரர் கொடுக்கும் ‘படைக் களிம்பு’ கதையும் இதேதான். டியூபைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள், பூஞ்சை மருந்தோடு குளோபெட்டாசோல் என்று இருந்தால் அதுவும் ஸ்டீராய்டுதான், அதுவும் வீரியமானது.

இதில் எங்களுக்கு இன்னொரு தலைவலி. ஸ்டீராய்டு உள்ளே போன தோலை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு குழப்பமாக வரும், ஒவ்வாமைச் சோதனையும் பலிக்காது. இரண்டு மூன்று வாரம் நிறுத்திவிட்டு வாருங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது, சொன்னால் எங்கள் மேல் கோபம். கொழுத்த குதிரை, முன்பே குளம்பு அழற்சி வந்த குதிரை என்றால், அந்த அழற்சியைக் கிளப்பிவிடுமோ என்று இந்த ஊசியை நாங்களே பயந்து பயந்துதான் எடுப்போம்.

அந்தச் சாரட் குதிரைக்கு என்ன செய்தேன்? பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆசனவாயைச் சுற்றி செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் அழுத்தி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், ஏனென்றால் கீரைப்பூச்சி வகைப் புழு அங்கே முட்டையிட்டாலும் குதிரை வாலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். முட்டை இல்லை. பிடரியைச் சீவிப் பார்த்ததில் பேன் இல்லை, தோலைச் சுரண்டிப் பார்த்ததில் சொறிப்பூச்சியும் இல்லை. லாயத்துக்குப் பின்னால் சாக்கடைத் தண்ணீரும் சாணியும் தேங்கிக் கிடக்கிறது, மழை முடிந்ததும் வருஷா வருஷம் இந்த அரிப்பு வருகிறது என்று லாயத்துப் பையனே சொன்னான். கடித்தது கொசுவைவிடப் பொடியான கியூலிக்காய்டிஸ் என்ற பூச்சி, பொழுது சாயும்போதும் விடியற்காலையிலும் கடிப்பது. அதற்குச் சரியாகப் பறக்க வராது, ஃபேன் காற்றடித்தாலே கிட்டே வராது. முதல் டாக்டர் சொன்னது சரி, ஒரு சீட்டில் காரணத்தை எழுதிக் கொடுத்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. சக டாக்டர்களே, ஐந்து நிமிஷம் பேசுங்கள்.

சரி, டாக்டரிடம் வாதாட வேண்டிய இடமும் உண்டு. வட்டமாக முடி கொட்டியிருக்கிறது, படை என்றார்கள், களிம்பு தடவுகிறீர்கள். குதிரைக்கு வரும் படை பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் தானாகவே ஆறிவிடும், மருந்து போடுவதே பாதி மற்ற குதிரைக்கும் நமக்கும் ஒட்டாமல் இருக்கத்தான். அதைத் தாண்டியும் ஒரு வட்டம் ஒரே இடத்தில், அரிப்பு இல்லாமல், லேசாகச் சொரசொரத்துக்கொண்டு நின்றால், அது சார்காய்டு என்ற தோல் கட்டியின் தொடக்கமாக இருக்கலாம். மாட்டு மரு வைரஸோடு சம்பந்தப்பட்டது. அப்போது கட்டாயம் கேளுங்கள், “பூஞ்சை வளர்ப்புச் சோதனை செய்தீர்களா?” என்று. ஆனால் சார்காய்டு என்று சந்தேகப்பட்டு, கொஞ்சம் வெட்டி எடுக்க மாட்டேன் என்று டாக்டர் சொன்னால் தெரியாதவர் என்று முடிவு கட்டாதீர்கள். அரைகுறையாகக் கீறினால் அது சீறிக்கொண்டு வளரும், அதனால்தான் தயங்குகிறார். தினம் மூன்று வேளை களிம்பு போட்டுத் தேய்ப்பதும் அதைச் சீண்டுவதுதான்.

ஐப்பசி மழையில் நனைந்த முதுகில் வரும் பொருக்கையும் படை என்றே சொல்கிறார்கள். பொருக்கோடு முடி கொத்தாகக் கையில் வந்து, பெயிண்ட் பிரஷ் மாதிரி நின்று, அடியில் ஈரமான சீழ் இருந்தால் அது பெரும்பாலும் டெர்மடோஃபிலஸ் என்ற பாக்டீரியா. பூஞ்சை மருந்து அதற்கு வேலை செய்யாது, முதுகு காய வேண்டும். ஈரச் சேணத்துணியை ஒரு குதிரையிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

இரண்டாவது டாக்டரிடம் போகிறீர்களா, போங்கள். முதல் சீட்டை மறைக்காதீர்கள், ‘எதுவும் போடவே இல்லை’ என்று சத்தியம் செய்யாதீர்கள், காலி டியூப், ஊசி பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். குதிரையைக் குளிப்பாட்டிப் பளபளப்பாக்கிக் கொண்டுவர வேண்டாம். எனக்கு வேண்டியது அந்தப் பொருக்குத்தான், அதைத் தேய்த்துக் கழுவிவிட்டு நோயைச் சொல்லு என்றால் எப்படி? வண்டியில் வடித்த எஞ்சின் ஆயிலைத் தடவுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஊசியைக் குதிரைத் தசையில் ஏற்றாதீர்கள். குத்திய இடம் அழுகி உயிரே போகலாம். குதிரைக்கு அதை வாய்வழியாகக் கொடுக்கும் பேஸ்ட் இருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எங்களோடு மல்லுக்கட்டாதீர்கள். உள்தொடையிலோ காலிலோ வரிசையாக முடிச்சு முடிச்சாகக் கட்டி கிளம்பி, உடைந்து தேன் நிறத்தில் வடிந்து, மூக்கிலும் சளி ஒழுகினால், கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோயாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு ரத்தம் எடுத்து ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பச் சொல்வோம். 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்ச் சட்டப்படி அதை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மனிதருக்கும் வந்து உயிரைக் குடிக்கும் நோய் அது. முடிவு வரும்வரை குதிரையைச் சந்தைக்கோ வேறு லாயத்துக்கோ நகர்த்தாதீர்கள், கையுறை இல்லாமல் புண்ணைத் தொடாதீர்கள், அது தண்ணீர் குடித்த தொட்டியில் வேறு குதிரைக்குத் தண்ணீர் காட்டாதீர்கள்.