பராக்கு: சொல் விளக்கம்

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குன்னூரிலிருந்து ஊட்டிக்கு சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தேன். கேத்தி பள்ளத்தாக்கு தெரிகிற இடம். அந்த மேட்டில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் வந்தாலே பெரிய விஷயம். அவ்வளவு மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் நேராக நிற்காது, கொஞ்சம் இப்படியும் அப்படியும் ஆடும். பின்னால் வந்த காரின் பக்கக் கண்ணாடி என் வலது முழங்கையை உரசிவிட்டுப் போனது. விழவில்லை. சக்கரம் ஓரத்து ஜல்லியில் இறங்கி நின்றுவிட்டது. கொஞ்ச தூரம் தள்ளி காரும் நின்றது. ஓட்டியவர் இறங்கி ஓடி வந்தார், முகம் வெளுத்திருந்தது. “சாரி பிரதர், கவனிக்கலை. வியூ பாத்துட்டே வந்துட்டேன்.”

எதிரே ஒரு டீக்கடை. வர்க்கித் தட்டை மூடிக்கொண்டே அக்கா சொன்னார்: “லீவு விட்டா இப்படித்தானுங்க. எல்லாம் பராக்கு பாத்துட்டே வருதுங்க.”

கார்க்காரர் ‘கவனிக்கலை’ என்றார், அக்கா ‘பராக்கு’ என்றார். நடந்ததை எந்தச் சொல் சரியாகச் சொல்கிறது என்று யோசித்துக்கொண்டேதான் மீதி மேட்டை மிதித்தேன்.

பராக்கு என்றால் கவனமின்மை, மறதி, வேடிக்கை. வடமொழி ‘பராக்’ என்பதிலிருந்து வந்தது. அங்கே அதற்கு ‘அப்பால் திரும்பிய’ என்று பொருள். முகம் வேறு பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். தமிழில் அது இரண்டு வினைகளோடு சேர்ந்து வரும். ‘பராக்கு பார்ப்பது’ ஒன்று: கடைக்கு அனுப்பிய பையன் வழியில் குரங்கைப் பார்த்துக்கொண்டு நிற்பது. ‘பராக்குக் காட்டுவது’ இன்னொன்று: சாப்பிட மறுக்கும் குழந்தையிடம் காக்காயைக் காட்டி, வாய் திறக்கிற நேரத்தில் சோற்றை உள்ளே தள்ளுவது. முன்பு நிலா, காக்காய். இப்போது செல்போன். அந்தக் குழந்தை வளர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகும் அதே போன்தான் அதற்குப் பராக்குக் காட்டுகிறது. சோறு மட்டும் இல்லை.

இந்தச் சொல்லில் ஒரு வேடிக்கை உண்டு. அரசவையில் கட்டியக்காரன் “ராஜாதிராஜ… பராக்! பராக்!” என்று கூவுவானே, அந்தப் ‘பராக்’குக்கு ‘கவனம், பார்த்துக்கொள்’ என்று பொருள். தெலுங்கிலும் இப்படியே: ‘பராகு’ என்றால் ஞாபகம் எங்கேயோ இருப்பது, ‘பஹுபராக்’ என்றால் எச்சரிக்கை. கவனமில்லாமைக்கும் ‘கவனி!’ என்பதற்கும் ஒரே சொல். சாலையில் நானும் கார்க்காரரும் ஆளுக்கொரு பொருளில் அதை வைத்திருந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, புத்தகத் தமிழுக்கு வருவோம். பத்திரிகைகளும் போக்குவரத்து விழிப்புணர்வுப் பலகைகளும் ‘கவனச்சிதறல்’ என்று எழுதுகின்றன. ஆங்கிலத்தின் ‘டிஸ்ட்ராக்‌ஷன்’ என்பதற்கு ஈடாக வந்த சொல் இது. ‘டிஸ்ட்ராக்டட் டிரைவிங்’ என்ற தொடரை 2009இல் அமெரிக்காவின் வெப்ஸ்டர்ஸ் நியூ வேர்ல்ட் அகராதிக்காரர்கள் அந்த ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தார்கள். மூலம் லத்தீன். ‘டிராஹெரே’ என்றால் இழுப்பது. டிராக்டர் வந்த வழியும் அதுதான். தன் பக்கம் இழுத்தால் ‘அட்ராக்‌ஷன்’, வேறு பக்கம் இழுத்தால் ‘டிஸ்ட்ராக்‌ஷன்’. எங்கள் மலையில் இரண்டுக்கும் பெரிய தூரம் கிடையாது. எதைப் பார்க்க ஆறு மணி நேரம் காரோட்டி வருகிறார்களோ, அதுவே கடைசி அரைமணி நேரத்தில் கண்ணைச் சாலையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

‘சிதறல்’ என்ற சொல்லில்தான் எனக்குக் குறை. கடுகு சிதறும், கூட்டம் சிதறும். தானாக நடந்த மாதிரி ஒரு தொனி. மூலத்தில் இருக்கும் ‘இழுப்பு’ தமிழுக்கு வரவில்லை. யார் இழுத்தார்கள், யார் இழுபட்டார்கள் என்ற கேள்வியே எழாமல் போய்விடுகிறது. ‘கவனம்’ பிறந்த கதையும் கொஞ்சம் சுவாரசியமானது. வடமொழி ‘கமனம்’, அதாவது செல்லுதல். கன்னடத்தில் ‘கமனிசு’, தெலுங்கில் ‘கமனிஞ்சு’, நமக்குக் ‘கவனி’. மனம் ஒன்றை நோக்கிப் போவதுதான் கவனம். அப்படிப் பார்த்தால் அந்தக் கார்க்காரரின் கவனம் சிதறவே இல்லை. முழுசாக, ஒருமுகமாகக் கேத்தியின் கேரட் பாத்திகளுக்குப் போயிருந்தது.

காவல் நிலையத்தில் எழுதும் தமிழ் வேறு. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்பது முதல் தகவல் அறிக்கையின் நிரந்தர வரி. ‘ஜாக்ரத்’ என்றால் விழித்திருப்பது, ‘அ’ சேர்ந்தால் விழிக்காமல் இருப்பது. ஆக, சட்டத்தின் சொல் அவரைத் தூங்கியவராக்குகிறது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் கதை வேறு. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் அது ஆபத்தாக ஓட்டுவதில் சேரும். முதல் தடவைக்கே ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு வரி இல்லை. அது பழைய ‘அஜாக்கிரதை’க்குள்தான் அடங்க வேண்டும்.

இதற்குள் ஒரு கணக்கு. மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது மலைப்பாதையில் யாரும் வேகம் என்று நினைக்காத வேகம். அதில் ஒரு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் கார் நகர்கிறது. மூன்று நொடி பள்ளத்தாக்கைப் பார்த்தால் 25 மீட்டர் பார்க்காமல் ஓட்டியாயிற்று. சமவெளியில் அந்த 25 மீட்டர் நேர்ச்சாலையாக இருக்கலாம். இங்கே அதற்குள் ஒரு வளைவு வந்து, அதில் ஒரு சைக்கிளும் வந்துவிடும். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்வார்களே, பார்க்கிற பக்கம் வண்டி போகும் என்று. பள்ளத்தாக்கு இடது பக்கம் இருந்தால் கார் இடது பக்கம் சாயும். சைக்கிள்காரன் போவதும் அதே இடது ஓரத்தில்தான்.

கண் சாலையில் இருந்தும் சைக்கிளைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. இதற்குத் தமிழில் அழகான சொல் இருக்கிறது: பாராமுகம். இதுவும் வடமொழிப் ‘பராங்முகம்’ (திருப்பிய முகம்) முதலில் ‘பராமுகம்’ ஆகி, அப்புறம் நம் ஆட்கள் ‘ப’வை நீட்டி, ‘பார்க்காத முகம்’ என்று தமிழாக்கிக்கொண்டது. இவ்வளவு சாமர்த்தியமான தமிழாக்கத்தை எந்தக் குழு உட்கார்ந்து செய்ய முடியும்? 1999இல் சைமன்ஸ், சப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொல்லி ஒரு காணொலியைக் காட்டினார்கள். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் நடந்து போவார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொரில்லா தெரியவே இல்லை. லாரியும் பஸ்ஸும் வருகிறதா என்று மட்டும் தேடுகிற கண்ணுக்குச் சைக்கிளும் அப்படித்தான். கொரில்லாவைவிட மெல்லியதும்கூட.

தூய தமிழே வேண்டும் என்பவர்களுக்குத் திருக்குறளில் இடம் இருக்கிறது. 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி, சோர்வு. அதன் முதல் குறளே, அளவு மீறிய கோபத்தைவிடக் கெட்டது மிகுந்த மகிழ்ச்சியில் வரும் சோர்வு என்கிறது. அரசனுக்குச் சொன்னதுதான். ஆனால் மே மாதம் குன்னூர் மலைப்பாதையில் குடும்பத்தோடு பாட்டுப் போட்டுக்கொண்டு ஏறுகிற கார்களைப் பார்த்தவனுக்கு, அது எங்கே எழுதப்பட்டது என்று சந்தேகம் வரும். சொல் நல்ல சொல். ஆனால் ‘பொச்சாந்து ஓட்டாதீர்’ என்று அதே மலைப்பாதையில் இருக்கும் பர்லியாறில் பலகை வைத்தால், அதைப் படித்துப் புரிந்துகொள்ளவே இரண்டு நொடி சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்கும்.

ஆக்கிய சொல் எதுவும் நிற்காது என்றும் சொல்ல மாட்டேன். ‘கொண்டை ஊசி வளைவு’ ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்ததுதான். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் அப்படி 36 இருக்கின்றன. இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகூட யோசிக்காமல் சொல்கிறது. கண்ணால் பார்க்கிற வடிவம் சொல்லில் இருந்ததால் ஒட்டிக்கொண்டது. ‘கவனச்சிதறல்’ கட்டுரைக்குப் போதும், அங்கேயே இருக்கட்டும். பேசுவதற்கும் பலகைக்கும் என் ஓட்டு ‘பராக்கு பார்த்து ஓட்டுவது’ என்பதற்குத்தான். பார்த்தவர் ஒருவர் உண்டு என்பதை அது மறைப்பதில்லை.

அன்று திரும்பி இறங்கும்போது அதே கடையில் டீ குடித்தேன். அக்கா சைக்கிளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஹேண்டில்பாரைக் காட்டிக் கேட்டார்: “உங்க வண்டியிலயும் போன் மாட்டியிருக்குதே, அது எதுக்குங்க?”

வேகம், தூரம் பார்க்க என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு வர்க்கியை எடுத்து வைத்தார்.